அவன் கழற்றினான், நான் மாட்டினேன்!

"ஆன்ட்டி, சைக்கிள் ரொம்ப ஸ்டைலா இருக்கே! எங்கே வாங்கினீங்க?"

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. காலை ஆறு மணி. 1930-ம் ஆண்டு, பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் உயிர் விட்ட ஷ்மிட் என்பவரின் நினைவு மண்டபம் இருக்கிறதே, அதற்கு எதிரில் சைக்கிளை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கேட்டவள் ஒரு சின்னப் பெண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாங்கலைம்மா, வளர்த்தேன்" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். உங்களுக்காவது விவரமாகச் சொல்கிறேன். ஐம்பதை நெருங்குகிற ஒரு குடும்பப் பெண் சைக்கிளைப் பற்றி என்ன எழுதிவிடப் போகிறாள் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் ஒரு சண்டையும் இருக்கிறது. அம்மாவும் பிள்ளையும் போட்ட சண்டை.

அம்மா ஓட்டிய சைக்கிள்

எனக்குப் பிறந்த ஊர் புதுக்கோட்டை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க வந்தவர்கள், பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதில் மிகவும் அக்கறை காட்டினார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள்.

அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் ஒருத்தி. அப்போது அவளுக்கு வயது 36. ராத்திரி சாப்பாட்டுக் கடை முடிந்தபின், கோயில் மைதானத்தில், அப்பாவின் 22 இன்ச் பார் வைத்த சைக்கிளில் ஏறுவாள். நானும் தம்பியும் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவோம். லேடீஸ் சைக்கிளுக்கு அன்று ஊரில் பெரிய தட்டுப்பாடு. பெண்கள் ஆண்களின் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். "பார் இருந்தா நல்லதுதாண்டி. குழந்தையை முன்னாடி உட்கார வச்சுக்கலாம்" என்று பிற்பாடு அதற்கே ஒரு நியாயமும் கண்டுபிடித்தார்கள்! அம்மா கேரியரில் குடத்தைக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தாள். ரேஷன் அரிசி கொண்டுவந்தாள். பஸ்ஸுக்கும் அப்பாவுக்கும் காத்திருப்பதை நிறுத்தினாள்.

2018-ல் அம்மா போய்விட்டாள். ஊர் வீட்டைக் காலி செய்தபோது நகை, பாத்திரம் எல்லாம் பங்காயிற்று. "இந்த சைக்கிளை மட்டும் எனக்குக் கொடுத்துடு" என்று தம்பியிடம் கேட்டு வாங்கி, லாரியில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். வந்தது வந்து, எங்கள் ஃப்ளாட்டின் மாடிப்படிக்குக் கீழே இரண்டு வருஷம் நின்றது. பெசன்ட் நகரில் இரும்பை அப்படி நிறுத்தி வைக்கலாமோ? உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். சைக்கிளுக்குத் தலை முதல் கால் வரை துரு.

முதல் சில்லறைச் செலவு

2020 பொதுமுடக்கத்தில் கல்லூரி மூடி, என் மகன் வீட்டோடு இருந்தான். பத்தொன்பது வயசு. சாப்பாடு, செல்போன், தூக்கம். எனக்கோ ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சர்க்கரை அளவு 6.1 என்று வந்திருந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு வாசல்படி என்கிறார்கள். "வாசலோடு திருப்பி அனுப்பிடலாம், உடம்பை அசைக்கணும்" என்றார் டாக்டர்.

கட்டுப்பாடு தளர்ந்ததும் நானும் மகனும் சைக்கிளை வண்ணாந்துறைப் பக்கம் ஒரு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைப் பெரியவர் துருவைச் சுரண்டிப் பார்த்து, "ஃப்ரேம் கல்லு மாதிரி இருக்கும்மா. ஓவராயில் பண்ணிடலாம்" என்றார். பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்து, புது டயர் டியூப் போட்டுக் கொடுத்தார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் முதல் வரி எழுதினேன்: ஓவராயில் 850, டயர் டியூப் 900.

இருபது வருஷத்துக்குப் பிறகு ஏறினேன். கால் மறக்கவில்லை. அடையாறு சிக்னல் வரை போய்த் திரும்பியபோது, பின்னால் அம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மகனுக்கு அப்போதுதான் ஒரு பித்துப் பிடித்தது.

தையல் மெஷினும் சைக்கிளும்

"அம்மா, இதை ஃபிக்ஸ்டு கியரா மாத்திடலாம்!"

"அப்படின்னா?"

"சாதா சைக்கிள்ல பெடல் பண்றதை நிறுத்தினாலும் சக்கரம் டிக் டிக்னு சுத்தும் இல்லே? அதுக்கு ஃப்ரீவீல்தான் காரணம். அதை எடுத்துட்டா, சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சுத்தும். நிறுத்தவே முடியாது. பின்னாடி மிதிச்சா வேகம் குறையும்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. காலால் மிதிக்கிற தையல் மெஷின்தான்! சக்கரம் சுற்றினால் மிதியும் ஆடும். ஒன்றை விட்டு ஒன்று நிற்காது. குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளும் அதே சங்கதிதான். 1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் செயின் வைத்து, இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவாகச் செய்த சைக்கிளிலும் ஃப்ரீவீல் கிடையாது. ஓய்வு கொடுக்கும் ஃப்ரீவீல் பிற்பாடு வந்த சௌகரியம். இன்றும் வெலோட்ரோம் என்கிற வட்டப் பந்தயத் தளங்களில் ஓடுவது ஃபிக்ஸ்டு கியர்தான். அங்கே பிரேக்கே கிடையாது. நியூயார்க் போன்ற நகரங்களில் தபால் பொட்டலம் கொண்டு போகிற பையன்கள் அதை ரோட்டுக்குக் கொண்டுவர, இளவட்டங்களுக்கு அது நாகரிகமாகிவிட்டது.

ஃபேஷன் என்றால் முதலில் கழற்றுவதுதானே? மட்கார்டு போயிற்று. கேரியர் போயிற்று. செயின் கவர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் போயிற்று. "எடை குறையும்மா." அம்மா குடம் கட்டிய கேரியர் அது. நான் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டேன்.

கடைப் பெரியவர் ஃப்ரீவீலையே நூறு ரூபாய்க்கு வெல்டிங் வைத்துக் கெட்டிப்படுத்தினார். "இது நிக்காது தம்பி" என்று எச்சரித்துத்தான் செய்தார். அப்படியே ஆயிற்று. மூன்றாம் நாள் மகன் வேகமாக வந்து பெடலைப் பின்னால் அழுத்த, மரை கழன்று, கால் காற்றில் சுற்றியது. முன்சக்கரத்தில் தாத்தா காலத்துக் கம்பி பிரேக் மட்டும் மிச்சம் இருந்ததால் பிழைத்தான்.

காரணம் எளிது. முன்னால் மிதிக்கும்போது பல்சக்கரம் மரையில் இறுகும். பின்னால் அழுத்தினால் அதே மரை கழலும். அதனால் இதற்கென்றே வருகிற ஹப்பில், பல்சக்கரத்துக்கு மேல் எதிர்த்திசை மரையில் ஒரு பூட்டு வளையம் இருக்கும். பாட்டில் மூடிக்கு மேல் சீல் மாதிரி.

ஒன்று தொட்டால் ஒன்பது

வீட்டில் ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் மற்ற மூன்றும் அழுக்காகத் தெரியுமே, அந்தக் கதைதான் அப்புறம் நடந்தது. பாரிமுனை ரத்தன் பஜாரில் அலைந்து, இரண்டு பக்கமும் மரை உள்ள ஹப் ஒன்று வாங்கினான். ஒரு பக்கம் ஃபிக்ஸ்டு பல்சக்கரம், மறுபக்கம் சாதா ஃப்ரீவீல். சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் சைக்கிளின் குணமே மாறிவிடும். ஆனால் நம் ஊர்ப் பழைய சைக்கிளின் பின் ரிம்மில் 40 ஓட்டை. புது ஹப்பிலோ 36. ஆக, ரிம்மும் புதிது. ரிம் புதிது என்றால் டயரும் அளவு வேறு. ஹப் கொஞ்சம் அகலம் என்று பின் ஃபோர்க்கைப் பெரியவர் லேசாக விரித்துக் கொடுத்தார். நோட்டில் எழுதினேன்: பின்சக்கரம் டயருடன் 3,800, செயின் 250.

அந்தப் பணத்தை ட்யூஷன் சொல்லிக்கொடுத்து மகனே சம்பாதித்தான். பொழுதெல்லாம் செல்போனில் இருந்தவன், மாடிப்படிக்குக் கீழே கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தது எனக்கு உள்ளூர சந்தோஷம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான்.

சண்டை அதற்கு அடுத்த வாரம் வந்தது.

"முன் பிரேக்கையும் எடுத்துடப் போறேம்மா. கம்பி பார்க்க அசிங்கமா இருக்கு. அதான் காலாலேயே நிறுத்தலாமே."

"எடுக்கக் கூடாது."

"உனக்கு இது புரியாதும்மா."

எனக்குப் புரிந்ததற்குக் காரணம் ஒரு செய்தி. 2016-ல் லண்டனில், முன் பிரேக் இல்லாத இதே ஃபிக்ஸ்டு கியர் சைக்கிள் ஒன்று, சாலையைக் கடந்த பெண் மேல் மோதிவிட்டது. இரண்டு குழந்தைகளின் தாய் அவள். தலையில் அடிபட்டு இறந்துபோனாள். ஓட்டியவன் அப்போது பதினெட்டு வயசுப் பையன். மறு வருஷம் அவனுக்கு ஒன்றரை வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். அந்த நாட்டில் ஃபிக்ஸ்டு சைக்கிளாக இருந்தாலும் ரோட்டில் ஓட்ட முன் பிரேக் கட்டாயம். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இரண்டு பேர் முகமும் கண்ணில் நின்றது. முகம் தெரியாத அந்தத் தாயும், அந்தப் பையனைப் பெற்றவளும்.

"உன் உயிரைப் பத்தி மட்டும் நான் பேசலைடா. இது என் அம்மா ஓட்டின சைக்கிள். இதை வச்சு இன்னொருத்தர் அம்மாவைக் கொல்லக் கூடாது" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு நாள் பேச்சில்லை. என் கணவர், "ஒரு பிரேக்குக்கா இவ்வளவு?" என்றார். "ஆமாம், ஒரு பிரேக்குக்குத்தான்" என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மகன் ஒரு பொட்டலத்தை அடுப்படி மேடையில் வைத்தான். புது மாதிரி கேபிள் பிரேக். ஒன்றல்ல, இரண்டு.

"கம்பி பிரேக் மழையில இரும்பு ரிம்மைப் பிடிக்காதும்மா. வழுக்கிடும். முன் ரிம்மையும் அலுமினியமா மாத்திட்டு இதைப் போட்டாத்தான் ஈரத்துலயும் நிக்கும். ரிம் அளவு ஒரு நூல் சின்னது, அதான் நீளக் கால் வச்ச பிரேக்காத் தேடினேன். பின்னாடியும் ஒண்ணு. ஃப்ரீவீல் பக்கம் போட்டா காலால நிறுத்த முடியாதே."

மன்னிப்பு என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு வெங்காய சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தேன். நோட்டில் இரண்டு வரி ஏறியது: முன் ரிம் 1,200, பிரேக் 700.

துப்பட்டா சொன்ன பாடம்

அவனை அவ்வளவு பேசிய நான் என்ன லட்சணம் என்பதையும் சொல்ல வேண்டாமா? ஃபிக்ஸ்டு ஓட்ட எனக்கும் ஆசை வந்துவிட்டது. விடியற்காலையில் ஆள் இல்லாத கடற்கரைச் சாலையில் அவன் கற்றுக்கொடுத்தான். முதல் நாள் வழக்கம்போல் மிதிப்பதை நிறுத்தினேன். பெடல் என் காலைத் தூக்கி அடித்தது. வேகத்தடையில் பெடலைச் சமமாகப் பிடிக்க முடியாது. திருப்பத்தில் சாய்ந்தால் பெடல் தரையில் உரசும். ஆனால் ஒரு வாரத்தில், சக்கரமும் காலும் ஒன்றாகிவிட்ட ஒரு லயம் வந்தது பாருங்கள், நல்ல அம்மியில் அரைக்கிற மாதிரி!

அந்த ஜோரில் ஒரு நாள் துப்பட்டாவை முடியாமல் கிளம்பிவிட்டேன். செயின் கவர் பரணில் இருக்கிறதே! நுனி செயினில் மாட்டியது. சாதா சைக்கிளாக இருந்தால் மிதிப்பதை நிறுத்தினால் போதும், செயின் நின்றுவிடும். இது நிற்குமா? உருள உருளத் துணியைச் சுருட்டிக்கொண்டு, என்னை ஹேண்டில் பாரை நோக்கி இழுத்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துச் சரிந்து விழுந்தேன். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அந்த பிரேக் இல்லாதிருந்தால் கழுத்து என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கப் பயம்.

மீன் கூடையோடு வந்த ஊரூர் குப்பத்து அம்மா ஒருத்தி ஓடி வந்து தூக்கிவிட்டாள். "ஏம்மா, சைக்கிள்ல ஏறினா துணியை இழுத்துச் சொருவிக்க வேணாமா? நாங்க கடலுக்குக் கிட்ட போனாலே சொருவிக்குவோம்" என்று அதட்டினாள். தாயைப் போல அதட்டினாள்.

வீட்டில் மகன் டெட்டால் பஞ்சோடு உட்கார்ந்து, ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு எழுந்து ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினான். புடவை மூட்டையை இறக்கி, செயின் கவரைத் தட்டி நிமிர்த்தி, பச்சை பெயிண்ட் அடித்து (ரூபாய் 150) மாட்டினான். அப்புறம் பெல்லைத் தேடி மாட்டியதும் அவன்தான். மட்கார்டு மழைக்காலத்தில் தானாகத் திரும்பி வந்தது. கேரியரை மட்டும் நான் கேட்டு வாங்கினேன்.

இப்போது

2023-ல் அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற நாள் காலையில் சைக்கிளைப் பார்த்தேன். பின்சக்கரம் ஃப்ரீவீல் பக்கமாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் 20 பல், மிதிக்க லேசு. சீட்டுக்குக் கீழே பையில் ஒரு 15 நம்பர் ஸ்பானர். "கறிகாய்க்குப் போறப்ப இப்படியே இருக்கட்டும்மா. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் திருப்பிப் போட்டுக்கோ. நட்டை ரெண்டு பக்கமும் நல்லா இறுக்கு" என்றான். ஆட்டோ தெரு முனை திரும்பும் வரை சிரித்துக்கொண்டே நின்றேன். உள்ளே வந்த பிறகுதான் அழுதேன்.

சக்கரத்தைத் திருப்ப எனக்கு இப்போது கால் மணி நேரம் போதும். மெத்தென்ற சீட் 600, முன்னும் பின்னும் விளக்கு 350. மூன்று வருஷத்தில் மொத்தம் 8,900 ரூபாய். போன பரிசோதனையில் சர்க்கரை 5.6. சைக்கிள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி சாதத்தையும் குறைத்தேன்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தை. உங்கள் வீட்டிலும் பழைய சைக்கிள் இருந்தால் பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். ஃப்ரேம் நன்றாக இருந்தால் மாதம் ஒன்றாக மாற்றலாம். முதலில் பிரேக், பிறகு டயர், அதற்குப் பிறகுதான் அழகு. சீட் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தாழ்வாக வைத்தால் முழங்கால் வலிக்கும். முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். ஃபிக்ஸ்டு கியர் அவர்களுக்கு வேண்டாம். மற்றவர்களும் கையால் பிரேக் பிடியுங்கள், காலால் அல்ல.

கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னும் ஜாக்கிரதை. ஃபிக்ஸ்டு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றி வேடிக்கை காட்டாதீர்கள். பிஞ்சு விரல் செயினில் சிக்கினால் அது நிற்காது, விரலைக் கொண்டு போய்விடும். செயின் கவர் இல்லாமல் வைக்கவே வைக்காதீர்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, காய்ந்தபின் செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

போன மாதம் மகன் லீவில் வந்தான். விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அஷ்டலட்சுமி கோயில் வரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தான். கேரியரில் கீரைக் கட்டும் தேங்காயும்.

"கேரியர் நல்லாத்தாம்மா இருக்கு" என்றான்.